வெளிப்படைத்தன்மை இன்னும் வந்து சேரவில்லை

துனிஸ் நகரத்தில் மரியாதைக்குரிய ஆண்களைப் பெயருக்கு முன்னால் 'சீ' போட்டு அழைப்பார்கள். பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். இன்னும் அப்படி யாரையாவது கூப்பிடும்போது என் தமிழ் வாய் கொஞ்சம் கூசும். தேசிய மருந்து இருப்புத் தகவல் கழகத்தின் அதிகாரிகளைக் கூப்பிடும்போது மட்டும் கூசுவதில்லை.

அந்தக் கழகத்துக்கு ஒரே ஒரு வேலை. எந்த மருந்து எந்தக் கடையில் இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். மருந்துத் தட்டுப்பாடு மூன்றாவது வருடமாக நீண்டுகொண்டிருந்தது. ஒரு பெட்டி மாத்திரைக்காக ஜனங்கள் நகரத்துக்கு வடக்கே லா மார்ஸாவிலிருந்து தெற்கே ஹமாம் லீஃப் வரை கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அதற்காகத்தான் மூன்று தேடல் இயந்திரங்கள் கப்பலில் வந்தன. மூன்றும் சேர்ந்து ஒரே குழுவாக இயங்க வேண்டியவை. கடைகள் தினமும் காலையில் அனுப்பும் இருப்புப் பட்டியலைத் தங்களுக்குள் பங்கிட்டு வைத்துக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் கூடிப் பதில் சொல்லும். வந்து எட்டு மாதமாகியும் அவற்றின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் கழற்றவில்லை. பெயரில்லாத அரசு உடைமைக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது என்று விதி.

என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் வஜ்தி அந்த இயந்திரங்களை இயக்குவதற்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவன். இயக்குவதற்கு எதுவும் இல்லாததால், பெயர் வைத்து முடியும்வரை விசாரணை ஜன்னலில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். வருகிறவர்களிடம் "சேவை விரைவில்" என்று சொல்வது அவன் வேலை. அதை அவன் ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொன்னான்.

ஜன்னலுக்குத் தவறாமல் வருகிறவர் மெஹ்ரெஸ். மஞ்சள் டாக்சி ஓட்டுகிறவர், ஐம்பது தாண்டியவர். அவர் மனைவி ஷெத்லியாவுக்கு வலிப்பு நோய். தினம் இரண்டு மாத்திரை தவறாமல் போட வேண்டும். மெஹ்ரெஸ் போன மாதத்துக் காலிப் பெட்டியைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

"தம்பி, மெஷின் எந்திரிச்சிருச்சா?"

"இல்லண்ணே. இன்னும் பேர் வெக்கல."

"எட்டு மாசமாச்சேப்பா. எங்க தெருவுல ஒரு பூனை அஞ்சு குட்டி போட்டுச்சு. சாயங்காலத்துக்குள்ள பொண்ணுங்க அஞ்சுக்கும் பேர் வெச்சுட்டாளுங்க. அதுல ஒண்ணுக்கு உங்க டைரக்டர் பேரு."

"அவர் பேரு எதுக்குண்ணே?"

"எப்பப் பாரு தூங்குது."

வஜ்தி சிரித்தான். மெஹ்ரெஸ் சிரிக்கவில்லை. "இன்னும் இருபத்தி ரெண்டு மாத்திரை இருக்கு. பாத்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெயர் சூட்டும் குழுவில் ஒன்பது பேர். தலைவி மதாம் நஜீபா. பதினான்கு அமர்வுகள் நடந்திருந்தன. முதலில் ஊர்ப் பெயர்கள் வைக்கலாம் என்றார்கள். எந்த ஊர் முதலில் என்பதில் ஸ்ஃபாக்ஸ்காரரும் ஸூஸாக்காரரும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். பிறகு பூக்களின் பெயர்கள். அத்தர் கடை போல இருக்கிறது என்று ஒருவர் எழுத்துமூலம் ஆட்சேபித்தார். பதினைந்தாவது அமர்வில், குறிப்பெடுப்பதற்காக வஜ்தியையும் ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அன்றைக்குத் தலைமை இயக்குநர் சீ ஹஷ்மியே எழுந்து பேசினார்.

"மெஷினை எவன் வேணும்னாலும் ஓட்டிருவான். ஆனா பேரு? பேருங்கிறது அரசாங்கத்தோட முகம். நாளைக்கு மெஷின் ரிப்பேராகி நின்னு போகும். பேர் நிக்காது, நிலைச்சிருக்கும். நான் இந்தக் கழகத்துக்கு வந்து ஆறு வருஷமாச்சு. இதுவரைக்கும் நாம ஒரு மருந்தைக்கூடத் தேடிக் குடுக்கல. உண்மைதான். அதனாலேயே ஒரு தப்பான மருந்தைக்கூடத் தேடிக் குடுக்கலைன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லலாம். எத்தனை நாட்டுல சொல்ல முடியும்?"

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். தட்டி முடித்ததும் நற்குணங்களின் பெயர்கள் என்று முடிவானது. அரபியில் வைத்தார்கள், நான் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இயந்திரம் நேர்மை, இரண்டாவது நாணயம், மூன்றாவது வெளிப்படைத்தன்மை. மருந்துப் பிரிவுக்கு ஒன்று, கடைப் பிரிவுக்கு ஒன்று, பதிவுப் பிரிவுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முத்திரையிட்ட பெயர்ச் சான்றிதழ் தயாரானது. அடுத்த திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, மூன்று பிரிவு இயக்குநர்களும் கைகட்டி நிற்க, வஜ்தி இயந்திரங்களை இயக்கினான்.

விளக்குகள் எரிந்தன. காற்றாடிகள் சுழன்றன. திரையில் ஒரு வரி வந்தது. தலைவர் இன்னும் கண்டறியப்படவில்லை. தேர்தல் நடத்த வெளிப்படைத்தன்மை தேவை. வெளிப்படைத்தன்மை இன்னும் வந்து சேரவில்லை. பத்து வினாடி கழித்து அதே வரி மறுபடியும் வந்தது. பத்து வினாடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தது.

"என்னய்யா சொல்லுது?" என்றார் மருந்துப் பிரிவு இயக்குநர்.

"வெளிப்படைத்தன்மை இல்லைங்குது, சார்."

"நம்ம ஆபீஸ்லயா?" என்று அவர் உண்மையாகவே கோபப்பட்டார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க வஜ்திக்கு நான்கு நிமிடம் ஆனது. அந்த இயந்திரங்கள் முதன்முதலாகக் கூடும்போது தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். ஓட்டுப் போடத் தகுதியுள்ளவர்களின் பெயர்ப் பட்டியல் ஒவ்வொன்றிடமும் இருக்கும். பட்டியலில் உள்ள பெயரும் வந்து நிற்பவர் சொல்லும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று பிரிவுகளும் அந்த அரபிப் பெயர்களை ரோமன் எழுத்தில் தனித்தனியாகப் பட்டியல் எழுதியிருந்தன. மருந்துப் பிரிவுக்காரர் லியோனில் படித்தவர்; அரபிப் பெயரில் வரும் 'ஷ' என்ற ஒலிக்கு பிரெஞ்சு வழக்கப்படி சி-ஹெச் போட்டிருந்தார். கடைப் பிரிவுக்காரர் குவைத்தில் வேலை பார்த்தவர், எஸ்-ஹெச் போட்டிருந்தார். பதிவுப் பிரிவுக்காரர் மரியாதைக் குறைவாகிவிடக் கூடாது என்று ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் கழகத்தின் முழுப்பெயரையும் சேர்த்திருந்தார். அவரவர் இயந்திரத்தின் பெயர் மட்டும் அவரவர் பட்டியலில் சரியாக இருந்தது. மற்ற இரண்டும் யாரோ. மூன்று இயந்திரங்களும் ஒரே அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே, வராத ஆட்களுக்காகக் காத்திருந்தன.

"மூணு ஃபைல்லயும் ஒரே மாதிரி எழுதிட்டா போதும், சார். அஞ்சு நிமிஷ வேலை."

"எழுதறதா?" என்று மதாம் நஜீபா முன்னால் வந்தார். "முத்திரை குத்தின பேரை எழுத நீ யாரு? பேர் திருத்தத்துக்கு மனு போடணும். ரெண்டு சாட்சி வேணும். சம்பந்தப்பட்டவங்க நேர்ல வரணும்."

"சம்பந்தப்பட்டது மெஷினுங்க, மதாம்."

"மைனர்னு வெச்சுக்கோ. கார்டியன் வரலாம்."

அப்படித்தான் வஜ்தி மூன்று நற்குணங்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலன் ஆனான். நகராட்சியில் மனிதர்களுக்குப் பயன்படுத்தும் படிவத்தையே கொடுத்தார்கள். பிறந்த தேதி என்ற இடத்தில் கப்பல் வந்த தேதியை எழுதினான். மதம் என்ற இடத்தில் கோடு போட்டான். தாயின் பெயர் என்ற இடத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'தாய்ப்பலகை', அதாவது மதர்போர்டு, என்று எழுதினான். கேலியாகத்தான் எழுதினான். மதாம் நஜீபா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"எந்த ஊரு?"

"தைவான்."

"அம்மா வெளிநாட்டுக்காரியா? அப்ப இந்த ஃபாரம் செல்லாது. நீல கலர் ஃபாரம் வேணும். அது இப்ப ஸ்டாக் இல்ல."

நீல நிறப் படிவம் வர ஆறு நாள் ஆனது. ஆறாம் நாள் மெஹ்ரெஸ் வந்தார். அவர் கையில் பெட்டி இல்லை.

"பாதிப் பாதியா உடைச்சுக் குடுத்தேன் தம்பி. நாள் கூட வரட்டும்னு. நேத்து மார்க்கெட்ல விழுந்துட்டா. மீன் கடை முன்னாடி. உதட்டுல நாலு தையல். மீன்காரன் நல்லவன், தலைக்குத் தன்னோட ஏப்ரனைச் சுருட்டி வெச்சிருக்கான். எந்திரிச்சதும் அவ கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? 'யார் யார் பாத்தாங்க?'ன்னு."

வஜ்தி உள்ளே போய் நீலப் படிவத்தை நிரப்பிக்கொண்டு நேரே சீ ஹஷ்மியின் அறைக்கு நடந்தான். அங்கே வேறு அவசரம் நடந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை அமைச்சர் திறப்பு விழாவுக்கு வருகிறார். மூன்று இயக்குநர்களும் உள்ளே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எழுத்து யாருடையது சரி என்பது மறந்து, பட்டியலில் யாருடைய இயந்திரம் முதலில் என்ற இடத்துக்குச் சண்டை வந்திருந்தது. கடைசியில் சீ ஹஷ்மி கையை உயர்த்தினார்.

"சண்டை வேணாம். அவங்கவங்க பட்டியல்ல அவங்கவங்க பேரை மட்டும் எழுதிக்கட்டும். மத்தவங்க பேரே வேணாம். எழுத்துப் பிரச்சினையும் தீந்துச்சு, முதல் ஆள் பிரச்சினையும் தீந்துச்சு."

"சீ ஹஷ்மி, அப்படிச் செஞ்சா ஒவ்வொண்ணும் தனக்குத் தானே ஓட்டுப் போட்டு, தானே தலைவர் ஆயிடும்" என்றான் வஜ்தி. "மூணும் சேராது. கடைங்க அனுப்புற பட்டியல் மூணா பிரிஞ்சு போகும். ஒண்ணுக்குத் தெரியறது இன்னொண்ணுக்குத் தெரியாது. வர்ற கேள்வியை முறை வெச்சு ஒவ்வொண்ணுகிட்ட அனுப்புறோம். எதுகிட்டப் போகுதோ அது தனக்குத் தெரிஞ்சதை மட்டும்தான் சொல்லும். இருக்குற மருந்தை இல்லைன்னு சொல்லிடும்."

"விளக்கு எரியுமா?"

"எரியும்."

"பச்சையா?"

"பச்சைதான். ஒவ்வொண்ணும் தன்னளவுல சந்தோஷமாத்தான் இருக்கும்."

"அப்புறம் என்னப்பா? ஒரு தலைவர் இல்லைன்னு போன வாரம் நீதான் குறை சொன்ன. இப்ப மூணு பேர் இருக்காங்க. நான் முப்பது வருஷமா அரசு வேலையில இருக்கேன், எல்லாரும் தலைவரா இருக்குற ஆபீஸ்ல ஒரு பிரச்சினையும் வந்ததில்ல."

வியாழக்கிழமை அமைச்சர் வந்தார். ரிப்பன் வெட்டினார். தலைவலி மாத்திரையின் பெயரைத் தட்டச்சு செய்தார். தலைவலி மாத்திரை எல்லாக் கடையிலும் இருப்பதால் எந்த இயந்திரத்துக்கும் தெரிந்திருந்தது. கைதட்டல் எழுந்தது. "எனக்கு இப்ப உண்மையாவே தேவைப்படுது" என்று அமைச்சர் நகைச்சுவை செய்தார், அதற்கும் தட்டினார்கள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து மெஹ்ரெஸ் நெருக்கிக்கொண்டு வந்தார். அமைச்சர் முன்னால் தடுக்க முடியாமல் வழிவிட்டார்கள். அவர் மாத்திரையின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். இல்லை என்று வந்தது.

"இல்லையா? ஊர்லயே இல்லையா?"

"மெஷினே சொல்லிருச்சு பாருங்க" என்றார் சீ ஹஷ்மி கனிவாக. "இத்தனை நாள் இல்லைங்கறது உங்களுக்கு நிச்சயமாத் தெரியாது. இன்னிக்கு நிச்சயமாத் தெரிஞ்சுது. இதுதான் முன்னேற்றம்."

மெஹ்ரெஸ் போய்விட்டார். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது வஜ்தி மூன்று இயந்திரங்களிடமும் தனித்தனியாக அதே பெயரைக் கேட்டுப் பார்த்தான். நேர்மைக்குத் தெரியவில்லை. நாணயத்துக்கும் தெரியவில்லை. வெளிப்படைத்தன்மைக்குத் தெரிந்திருந்தது: நான்கு பெட்டிகள், கழகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. கடைக்குத் தொலைபேசியில் கேட்டான். கடைசிப் பெட்டி ஒரு மணிநேரத்துக்கு முன்னால் போயிருந்தது.  விழாவில் கொடுத்த பாதாம் பானத்தின் இனிப்பு இன்னும் அவன் நாக்கில் இருந்தது. குளியலறைக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான்.

சனிக்கிழமை கழகத்துக்கு விடுமுறை. கடைகள் மதியம் ஒரு மணிவரை திறந்திருக்கும். காலை எட்டு மணிக்கு வஜ்தி போனான். மறந்துபோன சாவியை எடுக்க வேண்டும் என்று காவலாளியிடம் சொன்னான். மூன்று இயந்திரங்களையும் நிறுத்தி, பழைய பதிவுகளைத் துடைத்து, நற்குணங்களை நீக்கினான். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் எழுத்தைப் பெயராக வைத்தான். மூன்று பட்டியலிலும் மூன்று எழுத்துகளையும் ஒரே மாதிரி எழுதினான். இயக்கினான். அந்தப் பழைய வரி ஒருமுறைகூட வரவில்லை. தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டார், உறுப்பினர் மூவர் என்று வந்தது. கடைகளின் காலைப் பட்டியல்கள் ஒவ்வொன்றாக வந்து விழ ஆரம்பித்தன. ஒன்பதரை மணிக்கு மெஹ்ரெஸைக் கூப்பிட்டான்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"இங்கதான், பார்ஸலோனா சதுக்கத்து டாக்சி ஸ்டாண்டுல. என்ன, மெஷினுக்குக் கல்யாணமா?"

"ராதெஸ்ல ஒரு கடை. ரயில் ஸ்டேஷனுக்கு எதிர்ல. ஆறு பெட்டி இருக்கு. நான் போன் பண்ணிட்டேன், ரெண்டு எடுத்து வெக்கறேன்னாரு."

 மறுமுனையில் டாக்சியின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "கீழ இறங்குங்க சார், மன்னிச்சுக்குங்க, வேற வண்டி பாத்துக்குங்க" என்று யாரிடமோ சொல்வதும் கேட்டது.

அன்று மதியம்வரை அறுநூற்றுச் சொச்சம் பேர் கழகத்தின் வலைத்தளத்தில் மருந்து கேட்டார்கள். பெரும்பாலோருக்குச் சரியான பதில் கிடைத்தது. கழகம் தன் வரலாற்றில் வேலை செய்த ஐந்து மணிநேரம் அதுதான்.

திங்கட்கிழமை விசாரணை. சீ ஹஷ்மியும் மதாம் நஜீபாவும் மூன்று இயக்குநர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குற்றப்பத்திரிகையை மதாம் நஜீபா வாசித்தார்: அரசு உடைமைகளின் நற்பெயரைக் கெடுத்தது, மைனர்களின் பாதுகாவலன் என்ற நம்பிக்கையைத் துர்ப்பிரயோகம் செய்தது, விடுமுறை நாளில் பொதுமக்களுக்கு உதவியது.

"ஜனங்களுக்கு மருந்து கெடைச்சுது, சீ ஹஷ்மி."

"அது வேற விஷயம்" என்றார் சீ ஹஷ்மி. "நேர்மையை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு எழுத்தை வெச்சிருக்க. பதினஞ்சு அமர்வு, ஒம்பது பேரு! நாளைக்கு அமைச்சர் வந்து 'நேர்மை எங்கே?'ன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? அது இல்லாமத்தான் எல்லாம் நல்லா ஓடுதுன்னா?"

இயக்குநர்கள் தலையசைத்தார்கள். அந்த வாக்கியத்தில் ஏதோ சரியில்லை என்று அவர்களில் ஒருவருக்கும் படவில்லை.

வஜ்திக்கு இரண்டு வழிகள் தரப்பட்டன. தன் கையாலேயே பழைய பெயர்களையும் பழைய பட்டியல்களையும் திரும்ப எழுதலாம். மறுத்தால், புதிய குழு அமைத்து அது முடிவெடுக்கும்வரை இயந்திரங்கள் மூன்றும் அணைத்து வைக்கப்படும். பதினைந்து அமர்வுக்கு எத்தனை மாதம் என்று அவனுக்குத் தெரியும். அணைந்து கிடப்பதைவிட அரைப் பொய் சொல்லிக்கொண்டாவது எரியட்டும் என்று நினைத்தான். அப்படி நினைத்த தன்மீதே அருவருப்பு வந்தது. உட்கார்ந்து எழுதினான். நேர்மை, நாணயம், வெளிப்படைத்தன்மை மூன்றும் திரும்ப வந்து, தனித்தனியாகத் தங்களுக்கே முடிசூட்டிக்கொண்டன. மூன்று பச்சை விளக்குகள் எரிந்தன.

பிறகு எழுந்துபோய் விசாரணை ஜன்னலைத் திறந்தான். வெளியே, ஜனங்களுக்காக வைத்திருந்த தேடல் திரை முன்னால், பதினாறு பேர் நின்றிருந்தார்கள்.

"எல்லாரும் கேளுங்க. இந்த மெஷின் இல்லைன்னு சொன்னா நம்பாதீங்க. திருப்பிக் கேளுங்க. மறுபடியும் இல்லைன்னா மூணாவது தடவையும் கேளுங்க. மூணு தடவையும் இல்லைன்னாதான் இல்லை."

"ஏம்ப்பா அப்படி?" என்றார் ஒருவர்.

"உள்ள மூணு பேர் இருக்காங்க. ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்க மாட்டாங்க. நீங்கதான் மூணு பேர்கிட்டயும் தனித்தனியாப் போய்க் கேக்கணும்."

இதைப் புரிந்துகொள்ள அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எல்லோரும் நகராட்சிக்கும் மின்சார அலுவலகத்துக்கும் போய்ப் பழகியவர்கள். மெஹ்ரெஸ் தன் டாக்சியில் ஏறியவர்களுக்கெல்லாம் சொன்னார். ஒரு வாரத்தில் ஊர் டாக்சிகள் எல்லாவற்றிலும் அதே பேச்சு. அடுத்த மாதம் ஷெத்லியாவின் மாத்திரை மூன்றாவது தடவையில் எஸ்ஸஹ்ராவில் ஒரு கடையில் கிடைத்தது. அதற்கடுத்த மாதம் இரண்டாவது தடவையிலேயே கிடைத்தது.

வஜ்திக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது: அரசு அளிக்கும் 'இல்லை' என்ற பதிலின்மேல் பொதுமக்களுக்கு அவநம்பிக்கையை ஏற்படுத்தியதற்காக. இனி இயந்திர அறைக்குள் அவன் நுழையக் கூடாது, ஜன்னலோடு சரி.

வருடக் கடைசியில் கணக்கெடுத்தபோது கழகத்தின் தேடல்கள் மும்மடங்காகியிருந்தன. அமைச்சகம் சீ ஹஷ்மிக்குப் பதக்கம் கொடுத்தது. கழகத்தின் கூடத்தில் விழா நடந்தது. தட்டுத் தட்டாகப் பக்லவா இனிப்பு வந்தது. சீ ஹஷ்மி பதக்கத்தைத் தடவியபடி பேசினார்.

"வேற எந்த நாட்டுலயும் ஒரு குடிமகன் அரசாங்கத்துகிட்ட ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேப்பான். நம்ம ஜனங்க அதே கேள்வியை மூணு தடவை கேக்கறாங்க. அவ்வளவு பாசம். அடுத்த வருஷம் அதை ஆறு தடவையா உயர்த்தணும்னு நான் உங்ககிட்டக் கேட்டுக்கறேன். இன்னும் மூணு மெஷின் வாங்கப் போறோம்."

கைதட்டல் அடங்கவே இல்லை. வஜ்தியின் கையிலும் ஒரு தட்டைத் திணித்திருந்தார்கள். அதை அப்படியே கூடத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அவன் விசாரணை ஜன்னலுக்குப் போனான். அங்கே கறுப்பு முக்காடு போட்ட ஒரு நடுவயதுப் பெண் இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் இல்லை என்று பார்த்துவிட்டு, மருந்துச் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, போகாதீங்க" என்றான் வஜ்தி. "இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காரு."